காய்ந்தால் சிவக்கும்

ஓட்டையை அடைக்க ஊற்றிய குங்கிலியம் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டது.

அலியார் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பலகைக்குள் மரமே இல்லை. மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோல், உள்ளே சோப்பு நுரை இறுகினாற்போல் வெள்ளையாய் என்னவோ. கொதிக்கிற குங்கிலியம் பட்டதும் அது சுருண்டு உள்ளே போய்விட்டது. எலுமிச்சம்பழம் நுழைந்த ஓட்டையில் இப்போது தேங்காய் நுழையும்.

"மரமில்லாமப் பலகை செய்யிறவன் என்ன ஆசாரியோ!" என்று அவர் ஆசாரியைத் திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ளும் வழக்கம் அலியாருக்குக் கிடையாது.

இருக்கவும் கூடாதுதான். பாம்பனில் மட்டும் அவர் கை பட்ட வள்ளங்கள் அறுபதுக்கு மேல். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, வர்ணப்பொடி கலந்து அவர் பூசினால் மூன்று வருஷக் கச்சான் காற்றுக்கும் நிறம் மங்காது. இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

பூசும்போது ராஜா மாதிரிதான் உட்காருவார். டப்பாவைத் தானே எடுக்கமாட்டார். "ஏ குல்சும், சிவப்பு!" என்று கையை மட்டும் நீட்டுவார். மனைவி குல்சும் டப்பாவைத் திறந்து அந்தக் கையில் வைக்கவேண்டும். "எட்டுற தூரத்துல இருக்குறத எடுக்கக்கூட பொண்டாட்டியா? என்ன பவிசு!" என்று பக்கத்து வீட்டு மெஹருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நியாயம்தானே.

அந்தக் குல்சும் இப்போது கீழக்கரையில், தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். போகும்போது சொன்னது தெருவுக்கே கேட்டது: "நான் வாரவரைக்கும் வர்ணத்துல கை வைக்காதீக!"

அவள் போன மறுநாள் வந்தார் துரை. தனுஷ்கோடியில் கப்பல் இறங்கி ரயிலேறியவர். ஆளைவிட நீளமான பலகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் நின்றுகொண்டு அலையில் சவாரி செய்வாராம். ரயிலில் ஏற்றும்போது முனை இடிபட்டு ஓட்டை விழுந்துவிட்டது. பார்சல் ஆபீஸ் சோணைமுத்துதான் கூட்டிவந்தார். பாம்பன் ஸ்டேஷனுக்கு இங்கிலீஷ் அவர் வழியாகத்தான் வரும், போகும்.

"பாய், துரை மதுரைக்குப் போயிட்டு வெள்ளிக்கிழமை திரும்புறாரு. ஓட்டைய அடைச்சு, மொத்தப் பலகைக்கும் செக்கச்செவேல்னு சிவப்பு அடிக்கணுமாம். கரையில நிக்கிற துரைசானிக்குத் தூரத்துலயே தெரியணுமாம்."

அலியார் யோசித்தார். அவர் யோசித்து யாரும் பார்த்ததே இல்லை என்பதால் தெருக்காரர்கள் நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குல்சும் வந்துட்டா..." என்று இழுத்தார்.

அக்காள்மடத்து மலையாண்டி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவனும் வள்ளத்துக்கு வர்ணம் அடிக்கிறவன்தான். "பொண்டாட்டி வந்துதான் அடிக்கணும்னா நாங்கொண்டு போறேன் பாய். நான் பிரம்மச்சாரி, எனக்கு ஆரும் டப்பா தூக்க வேணாம்."

தோணி முதலாளி வாவு முகம்மது அதற்கும் மேலே போனார். "என் புதுத் தோணிக்கு யாரைப் போடுறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். துரை வாயால பாராட்டு வாங்குறவனுக்குத்தான் தோணி."

ஐம்பது முழத் தோணி! அந்தக் கரையில் அத்தனை பெரிய தோணி மிதந்து பத்து வருஷம் ஆயிற்று. அதில் வர்ணம் அடித்தவன் பேர் கொழும்பு வரைக்கும் போகும். அலியார் பலகையை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பலகையில்தான் இப்போது தேங்காய் அளவு ஓட்டை.

தேங்காய் நாரைத் திணித்து, சுண்ணாம்பும் குங்கிலியமும் குழைத்து மேலே அப்பினார். ஓட்டை மறைந்தது, ஒட்டகத் திமில் எழுந்தது. திமிலைச் செதுக்கினார். உளி வழுக்கி, பலகையின் பளபளத் தோலில் முழ நீளத்துக்குக் கீறல் விழுந்தது.

"கீறலா? வர்ணம் ஏறினா மறைஞ்சுபோகும்" என்றார்.

குல்சும் டப்பாக்களை ஒரே வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். உளி விழுந்த சத்தத்தில் மெஹருன்னிசாவின் ஆடு மிரண்டு அந்த வரிசைக்குள் பாய்ந்தது. டப்பாக்கள் உருண்டன. அலியார் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் திறந்து பார்த்தார், மோந்து பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஆட்டின்மேல் உள்ள கோபத்தில்தான் இத்தனை தடுமாற்றம் என்று நினைத்தோம். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிஸ்மி சொல்லி, காய்ச்சிய குங்கிலியத்தில் கலந்து முழுப் பலகைக்கும் பூசினார்.

மெஹருன்னிசா எட்டிப் பார்த்தாள். அலியார் அவளுக்கு அண்ணன் முறை. "ஏன் காக்கா, சிவப்புன்னுல சொன்னாக? இது கிளி மாதிரி பச்சப்பசேல்னு இருக்கு?"

அலியார் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"காயட்டும்" என்றார். "காய்ஞ்சா சிவக்கும்."

சேதி அக்காள்மடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மலையாண்டி சாயங்காலமே வந்துவிட்டான். "பாய், வெத்தலை போட்டாத்தான் பச்சை சிவக்கும். பலகைக்குமா?"

"ஏலே, ஈர வர்ணத்தைப் பாத்து நிறம் சொல்றவன் தொழிலாளியா? இது குங்கிலிய வர்ணம். உள்ள சிவந்து வெளிய வரும்."

என்ன அழுத்தம் பாருங்கள்! தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காய்ந்தது, சிவக்கவில்லை. வேறொரு டப்பாவை எடுத்து இரண்டாம் பூச்சு பூசினார். எடுத்தது நீலம். பலகை பாசி பிடித்த குளமானது. மூன்றாவதாக எடுத்தது மஞ்சள்; மறுபடி கிளிப்பச்சை, முன்னைவிடப் பளிச்சென்று. அந்த ஈரத்தில் கச்சான் காற்று கை கையாய் மணலை அள்ளிப் போட்டது.

"மணலும் கணக்குத்தான்" என்றார் அலியார். "வழுக்கக்கூடாதுல்ல."

வெள்ளிக்கிழமை காலை வள்ளத்தில் குல்சும் வந்து இறங்கினாள். பையைக் கையில் வைத்துக்கொண்டே பலகையைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"மெல்லப் பேசு" என்றார் அலியார். ஊரே கேட்கக் கத்துகிறவர் அன்றைக்குக் காதோடு பேசினார். "இப்ப எடு. எது, அது எது?"

குல்சும் பாய்ந்து சிவப்பு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறப்பதற்குள் தெருமுனையில் சோணைமுத்து குரல் கேட்டது. "பாய்! ரயில் வந்திருச்சு! துரையும் துரைசானியும் வாராக!"

பின்னாலேயே வாவு முகம்மதுவும் மலையாண்டியும் வந்தார்கள். அப்புறம் நாங்கள் எல்லோரும். எங்களை யாரும் அழைக்கவேண்டியதில்லை.

அலியார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கழுத்தில் மட்டும் வியர்வை ஓடியது.

துரை பலகையைப் பார்த்தார். சுற்றி வந்தார். ஓட்டை இருந்த இடத்தை விரல் முட்டியால் தட்டினார், கெட்டியாய் இருந்தது. மணலைத் தடவிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார், வழுக்கவில்லை. இறங்கி அலியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இங்கிலீஷ் அருவியாய்க் கொட்டியது.

சோணைமுத்து பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்னய்யா சொல்றாரு?" என்றார் வாவு முகம்மது.

"இந்த மாதிரி... இந்த மாதிரிச் சிவப்பை அவரு பொறந்ததிலருந்து பாத்ததில்லையாம்."

"சிவப்புன்னா சொல்றாரு? நல்லாக் கேளுய்யா!"

"மூணு தடவை சொல்லிட்டாரு முதலாளி. சிவப்பு, சிவப்பு, சிவப்பு."

மலையாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டான். மெஹருன்னிசா தலையைச் சாய்த்து, "இங்கன இருந்து பாத்தா லேசாச் சிவந்துதான் இருக்கு" என்றாள். அவளைச் சொல்லி என்ன, எனக்கே ஒரு ஓரத்தில் சிவப்புத் தெரிந்தது.

"தோணி உனக்குத்தான் அலியாரு" என்றார் வாவு முகம்மது.

அலியார் வேட்டியை மடித்துக் கட்டினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, காய்ஞ்சா சிவக்கும்னு. எவன் கேட்டான்?"

துரை பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு பட்டத்து யானை போல நடந்தார். அலியார் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நடந்தார். கூட்டம் பின்னால் போயிற்று.

துரைசானி போகவில்லை. அவளுக்காகச் சோணைமுத்துவும், வேடிக்கைக்காக வேலியோரம் நானும் நின்றோம். அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா, குல்சும் கையில் இருந்த சிவப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அருகில் வந்து, அவள் தோளில் கை வைத்து மெதுவாக ஏதோ கேட்டாள்.

சோணைமுத்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:

"‘எங்க வீட்டுக்காரருக்கும் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும், இத்தனை வருசமா நாந்தான் பாத்துச் சொல்றேன். உங்க வீட்டுல நீங்களா?’னு கேக்குறாகம்மா."