முப்பத்தெட்டு எட்டு

இதய ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்காரர் சபதம் எடுத்தார். பதினைந்து நாளைக்குக் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

அவர் தையல்காரர். முப்பத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். தையல் விஷயத்தில் டாக்டர் பேச்சும் அவரிடம் எடுபடாது.

"நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்காங்க. புதுத் தையலை உடனே இழுத்துப் பார்க்கலாமா? பிரிஞ்சிடும்."

"எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்குங்கய்யா. பிரியாது" என்றாள், நோயாளிகளை நடக்கப் பழக்குகிற பெண்.

"கம்பியால தைச்ச சட்டையை நான் பார்த்ததே இல்லம்மா." கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் என்னை வெளியே கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மா, படுத்தே இருந்தா நுரையீரல்ல சளி கட்டும். கால்ல ரத்தம் உறையும். இப்பவே மூச்சு கரகரன்னு கேக்குது. இன்னிக்கு எப்படியாவது நடந்தாகணும்."

ஆபரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் அழாதவள் நான். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் அழுதுகொண்டே பெரிய மகளுக்கு ஃபோன் போட்டேன். அவளும் அப்பாவை நடக்கச் சொல்லி ஃபோனில் அழுதாள். "அவளுக்கு எதிலயும் அளவு தெரியாது" என்று அவர் ஃபோனைத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டார்.

குளியலறைக்குள் போய்க் கைகூப்பினேன். 'சாமி, இந்த மனுஷரைப் பிழைக்கவைத்தாய். கட்டிலை விட்டு இறக்கவும் நீயே வழி காட்டு.' கண்ணைத் திறந்தேன். எதிரே கண்ணாடியில் நான் குளிருக்குப் போட்டிருந்த மேல்சட்டை. அதில் வரிசையாக ஆறு பட்டன்.

எல்லாப் பட்டனையும் கழற்றி, ஒரு காஜா தள்ளி மாட்டினேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, ஒரு பக்கம் தொங்கியது. அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து என் பையில் போட்டேன். அந்தப் பெண்ணின் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வராந்தாக் கோடியில் ஜன்னலோரம் போய் நின்றேன். அவள் அறைக் கதவை அகலத் திறந்துவைத்தாள்.

"ஏய், என்ன அது? தோள் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ!"

தோள் நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்றேன்.

"யார்கிட்ட தைச்சே? எதிர்க்கடைக்காரன்கிட்டயா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொல்லவில்லை. குனிந்தேன், அவ்வளவுதான்.

"நான் இங்க நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டுக் கிடக்கேன், நீ அவன்கிட்ட போய் அளவு குடுத்திருக்கியா! வா இங்க!"

"வரமாட்டேன். திட்டுவீங்க."

"என் கண்ணாடி எங்க?"

"என் பையிலங்க."

எழுந்தார். அந்தப் பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சோடு தலையணையை அணைத்தபடி ஒரு எட்டு வைத்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளத் துடித்தேன். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தெய்வமே, விழுந்துவிடக் கூடாதே.

"கழுத்து வெட்டத் தெரியாதவன்!" ஒரு எட்டு.

"காஜா எடுக்கத் தெரியாதவன்!" இன்னொரு எட்டு.

நடுவில் இருமல் வந்தது. "நல்லா இருமுங்கய்யா" என்றாள் அவள். சளியைத் துப்பினார். மூச்சு வாங்கினார். மறுபடி திட்டினார், மறுபடி நடந்தார். அந்த எதிர்க்கடைக்காரர் நூறு வயது வாழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பக்கத்தில் வந்ததும் கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். காலரைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"இது நான் தைச்சது."

"ஆமாங்க."

"பட்டனை மாத்திப் போட்டிருக்கே."

"ஆமாங்க."

"முப்பத்தெட்டு எட்டு, ஐயா" என்றாள் அந்தப் பெண்.

குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். ஒன்றும் பிரியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என் பட்டன்களை ஒவ்வொன்றாகச் சரியான காஜாவில் மாட்டினார். அப்புறம்தான் ரோஷம் வந்தது.

"இவ என்னை ஏமாத்திக் கூட்டியாந்துட்டா. இனி ஒரு எட்டு வைக்கமாட்டேன். அந்தக் கட்டிலை இங்க தள்ளிக்கிட்டு வரச் சொல்லு."

"ஆபரேஷன் நடந்தது கட்டிலுக்காய்யா?" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்குத்தானே நடந்தது? நீங்கதான் நடக்கணும்."