மாறன் எப்படித் தப்பித்தான்?

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் கடைசி வரியைப் படித்ததும் பரிதி பின்னட்டையையும் புரட்டிப் பார்த்தான். கார் திருவையாற்றைத் தாண்டிவிட்டது. பெண் வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்.

“மாமா, கதை பாதியிலயே நிக்குது!”

“எந்தக் கதை?” என்றார் கார் ஓட்டிக்கொண்டிருந்த தாய்மாமன் குணசேகரன்.

“பீரங்கி மேடு. கேளுங்க. ‘பீரங்கி வாயில் கட்டப்பட்ட மாறன் பிழைத்தானா? கோட்டைச் சிறையில் வாடும் பொன்னியின் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’”

“காண வேண்டியதுதானே?”

“எங்க போய்க் காண்றது? அந்தப் படமே இப்ப உலகத்துல இல்ல மாமா!”

உண்மைதான். அது வெள்ளைக்காரக் கும்பினி காலத்தில் நடக்கும் சண்டைப் படம், கறுப்பு வெள்ளை. படச்சுருள் எந்தக் குடோனிலோ மக்கிப் போய்விட்டது. நெட்டில் ஒரே ஒரு பாட்டு மட்டும் கிடைத்தது. அந்தப் படத்துக்காக உயிரை விடும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவருடைய மகளைத்தான் தான் மூன்று வருஷமாகக் காதலிக்கிறோம் என்பதும் பரிதியின் தலையெழுத்து.

கோவிந்தராசு என்றால் ஊரில் எந்தக் கோவிந்தராசு என்று யோசிப்பார்கள். ‘பீரங்கி மேடு’ கோவிந்தராசு என்றால் பஸ் கண்டக்டரே வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். மகள் சுடர்விழியைப் பெண் பார்க்க வந்த ஆறு பேரிடமும் அந்தப் படத்தைப் பற்றித்தான் கேட்டார். ஒருவன் டாக்டர், ஒருவன் சிங்கப்பூர். “பார்த்ததில்லைங்க” என்று சொன்ன ஆறு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதனால்தான் சுடர்விழி பரிதியிடம் சொல்லி வைத்தாள். “அப்பா கேட்டா பார்த்திருக்கேன்னு சொல்லிடு. இல்லன்னா ஏழாவது ஆளா நீயும் காப்பியக் குடிச்சிட்டுப் போக வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டான். போனில் கோவிந்தராசு கேட்டபோது, காலேஜில் படிக்கையில் ஒரு திரைப்பட விழாவில் பார்த்ததாகச் சொன்னான்.  அவர் உடனே, “ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க. பேசணும்” என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பரிதிக்கு ஏது தூக்கம்? மண் பரிசோதனை நிலையத்தில் அவன் வேலை பார்க்கிறான். யாரோ ஒரு விவசாயியின் வயலில் உவர் அதிகம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மாறன் அதிகம்’ என்று எழுதிவிட்டு அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். தஞ்சாவூரில் ஒரு பழைய புத்தகக்காரரிடம் இந்தப் பாட்டுப் புத்தகம் கிடைத்தபோது சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தான். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தைப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் நுழைந்ததுமே கோவிந்தராசு டிவியை அணைத்தார். “செல்லெல்லாம் அந்த அலமாரி மேல வெச்சிடுங்க. பேசும்போது தொல்லை வேணாம்.”

சுடர்விழியிடம் உதவி கேட்க இருந்த ஒரே வழியும் அடைபட்டது. அவளும் அவள் அம்மா செந்தாமரையும் சமையலறை வாசலில் நின்றார்கள். கோவிந்தராசுவின் அக்கா அம்சம் கூடத்து ஓரமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, ‘பீரங்கி மேடு’ பார்த்திருக்கீங்க” என்றார் கோவிந்தராசு.

“ஒரு தடவை... ரொம்ப நாளாச்சுங்க...” என்று பரிதி பின்வாங்கப் பார்த்தான்.

“ஒரு தடவையா?” குணசேகரனுக்கு ரோசம் வந்துவிட்டது. “நாலு தடவைங்க! கண்ணை மூடிக்கிட்டே சீன் சீனாச் சொல்லுவான் எங்க மாப்ள.”

பரிதி மாமாவைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரியும். சரி, தெரிந்ததை வைத்து ஓட்டிவிடலாம் என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். “கேப்டன் ஹார்டன் குடியானவங்க நெல்லையெல்லாம் படகுல ஏத்திக்கிட்டுப் போறான். மாறன் கொள்ளிடத்துல வெச்சு அதை மடக்கி...”

“அதெல்லாம் கிடக்கட்டும்” என்று கையைக் காட்டி நிறுத்தினார் கோவிந்தராசு. “மாறனைப் பீரங்கி வாய்ல கட்டிட்டானுங்க. திரியில நெருப்பு வெச்சாச்சு. அங்கேருந்து சொல்லுங்க.”

 குணசேகரனுக்கு ஆபத்து அப்போதுதான் உறைத்தது. தியாகம் செய்யத் துணிந்து, செந்தாமரை கொடுத்திருந்த காப்பி டம்ளரைத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டு, “ஐயோ, சுடுதே!” என்று துள்ளினார்.

கோவிந்தராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் வீசினார். கண் பரிதியை விட்டு நகரவில்லை. “நீங்க சொல்லுங்க தம்பி.”

“மழைங்க” என்று வாயில் வந்ததைச் சொன்னான் பரிதி. “பெரிய மழை. திரி அணைஞ்சு போச்சு.”

“சித்திரைத் தேரோட்டத்தன்னிக்குத்தானே மாறனைப் புடிப்பானுங்க? சித்திரையில ஏது மழை?”

“கோடை மழைங்க.”

“ம்.”

“மாறன் கயித்தை அறுத்துக்கிட்டுக் குதிச்சு, மின்னல் மேல ஏறி...”

“மின்னல்ங்கிற குதிரைதான் ஆத்துச் சுழல்ல போயிடுச்சே. முன்னாடியே.”

 பரிதி படித்த பாட்டுப் புத்தகத்தில் அது மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. பாழாய்ப்போன பயத்தில் மறந்து தொலைந்துவிட்டது.

“அது இன்னொரு குதிரைங்க” என்று குணசேகரன் ஈர மடியோடு பாய்ந்தார். “அதோட கூடப் பொறந்தது. ரெட்டை.”

“குதிரையில ரெட்டையா?” கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, விளையாடாதீங்க. நான் இந்தப் படத்தை விளையாட்டா எடுத்துக்கிறவன் இல்ல.”

சமையலறை வாசலில் சுடர்விழி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பரிதி அவளைப் பார்த்தான். ஏழாவது ஆளாகக் காப்பியைக் குடித்துவிட்டுப் போகவா மூன்று வருஷம்? நடப்பது நடக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். பெரிதாக எதுவும் தெரியாது என்றாலும் அவனுக்கு மண்ணைப் பற்றித் தெரியும்.

“குதிரையை விடுங்க. நான் குழப்பிட்டேன். மழை பேஞ்சுதா? திரி முழுசா அணையல. புகைஞ்சுக்கிட்டே இருக்கு. ஆனா அந்த மேடு இருக்கே, அது களிமண் மேடு. தண்ணி பட்டா குழைஞ்சுடும். அவ்வளவு கனமான பீரங்கி, சக்கரம் மெதுவா அமிழ ஆரம்பிக்குது.”

கோவிந்தராசு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “ஆமா. நம்ம பக்கத்துக் களி அப்படித்தான். டிராக்டரையே முழுங்கும்.”

“ஒரு பக்கச் சக்கரம் இறங்குன உடனே பீரங்கி வாய் அப்படியே கோட்டைப் பக்கம் திரும்புது. மாறன் இன்னும் அதுலதான் கட்டிக் கிடக்கான். திரி ஒரு விரக்கடைதான் பாக்கி.”

“பொன்னி?” கோவிந்தராசுவின் குரல் கம்மியது. “பொன்னி ஜெயில்ல இல்ல இருக்கா?”

“சிப்பாய்ங்களுக்கு நெல்லு குத்திப் போடுற பொம்பளைங்களோட கலந்து வெளில வந்துடுறாங்க. கையில கருக்கரிவாள். சேத்துல விழுந்து எந்திரிச்சு ஓடி வர்றாங்க. ஒரு கயித்தை அறுக்குறாங்க. ரெண்டாவதை அறுக்குறாங்க. மூணாவது அறுபடல.”

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்சத்தின் கை நின்றுவிட்டது. குணசேகரன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்புறம்?” என்றார் கோவிந்தராசு.

“பல்லால கடிச்சு அறுக்குறாங்க. ரெண்டு பேரும் சேத்துல உருள்றாங்க. பீரங்கி வெடிக்குது. குண்டு நேராப் போய்க் கோட்டை மருந்துக் கிடங்குல விழுது. கேப்டன், கோட்டை, கொடி எல்லாம் காலி. அடைச்சு வெச்ச நெல்லெல்லாம் வானத்துல பறந்து ஊர் மேல மழையா விழுது.”

“பொன்னி சாவலையே?”

“சாவலைங்க.”

“மாறன்?”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அதோட சுபம்.”

கோவிந்தராசு எழுந்தார்.  துண்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அம்சம் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம்பிக்குப் பின்னால் ஓடினாள்.

“போச்சு” என்றார் குணசேகரன். “நெல்லை வானத்துல பறக்க விட்டே பாரு, அங்க மாட்டிக்கிட்டோம். எந்திரி, போவோம்.”

 சுடர்விழியின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் பரிதிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. உயிராக நேசிக்கும் ஒரு படத்தை வைத்து ஒரு பெரிய மனிதரிடம் இப்படிப் புளுகலாமா? பெண் கிடைக்காவிட்டால் போகட்டும், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இந்த வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று கொல்லைக் கதவை நோக்கி நடந்தான்.

கதவைத் திறந்துகொண்டு அம்சம் எதிரில் வந்தாள். கையில் கொடியிலிருந்து அப்போதுதான் கிள்ளிய ஒரு கொத்து வெற்றிலை இருந்தது.

“எங்க போறீங்க?”

“அத்தை, நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல. மாறன் தப்பிச்சது, கோட்டை வெடிச்சது எல்லாம் நானா கட்டி விட்டது. மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்.”

அம்சம் பதறிப்போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

“வாயைத் தொறந்தீங்கன்னா பாருங்க! நாப்பத்தாறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அவன் நிம்மதியா மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறான். அன்னைக்குப் படத்தோட கடைசி ஆட்டத்துல மாறனைப் பீரங்கியில கட்டி இண்டர்வெல் விட்டதும், ‘நம்ம வயலுக்கு முறைத் தண்ணி வந்துடுச்சு, மடையத் தொறக்க வாடா’ன்னு கொட்டகையிலேருந்து அவனை இழுத்துக்கிட்டு வந்தவளே நான்தான்!”