சம்சயம் சிஸ்டரின் காருக்குப் புது மூளை

கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் உதியன்குளங்கரைப் பக்கத்தில் பிறரை நம்பாதவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் நிலைக்கண்ணாடியில் தெரியும் சொந்த முகத்தையே ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து விசாரித்துவிட்டுத் தலை வாருகிறவர் ஒருவர்தான். அவர் சம்சயம் சிஸ்டர்; சந்தேகத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர் சம்சயம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். கேட்டால், "எதுக்காக்கும் உனக்கு?" என்பார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துப் பாட்டிலின் லேபிளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பழகிய அந்தக் கண்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரை, பிறந்த குழந்தையை எடை போடுகிற கவனத்தோடு தராசில் ஏற்றுவார். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது ஒரு கண்ணைத்தான் மூடுவார். மற்றது வாசலில் கிடக்கும் செருப்புகளின் மேல் இருக்கும். போதகர் வருத்தப்பட்டுக் கேட்டபோது பதில் தயாராக இருந்தது.

"ஆண்டவரை நம்புதேன் பாஸ்டரே. வெளியே லேட்டா வாறவங்களைத்தான் நம்பல்ல."

இப்படிப்பட்டவர் பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கியதற்கும் காரணம் சந்தேகம்தான். பெட்ரோலில் எவனாவது எதையாவது கலந்துவிடுவான். "கரண்டுல தண்ணி கலக்க முடியுமாலே?" என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். அதையும் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினார்.

அந்தக் காரின் நடுவில் பெரிய திரை ஒன்று. ஏசி, பின்பக்கக் கேமரா, வழி காட்டும் மேப், பாட்டு எல்லாம் அதற்குள்தான். அது நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது என்பதில் சிஸ்டருக்கு ஐயமே இல்லை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"இது படிச்சது இங்கிலீசு. கேரளத்துல ஓடி ஓடி மலையாளமும் கொஞ்சம் விளங்கியிருக்கும். நம்ம தமிழு தெரியாது, பாத்துக்க."

எனவே காருக்குள் மழை, பஸ் ஸ்டிரைக், தேங்காய் விலை எல்லாம் மலையாளத்தில் ஓடும். யார் வீட்டுக் கல்யாணம் முறிந்தது, யார் எல்லைக் கல்லை நகர்த்தினார்கள் என்று வரும்போது, வாக்கியத்தின் நடுவிலேயே குரல் தாழ்ந்து தமிழுக்கு மாறிவிடும். நாங்களும் கூடவே மாற வேண்டும். மறந்து மலையாளத்தில் பதில் சொன்னால் தொடையில் கிள்ளு விழும்.

'நாங்கள்' என்றால் அடுத்த வீட்டில் இருக்கும் நானும் என் மனைவி ஜெயாவும். ஜெயா மாடிப்படியில் விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட காலம் அது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றதற்கு, சிஸ்டர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரை எடுத்துவிட்டார்.

"ஆட்டோக்காரன் குழி பாத்து ஓட்டுவான்னு என்ன நிச்சயம்? ஏறு பிள்ளே."

அப்போதே திரைக்கு வயதாகிவிட்டிருந்தது. தொட்டால் யோசிக்கும். சில நேரம் இருண்டு போய், மனம் வந்தால் திரும்பி வரும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரை மாற்றிப் புதியது வைக்கலாம், கம்பெனியே செய்து தருகிறது என்று நான் சொன்னேன். சிஸ்டர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஒனக்கு இதுல வல்ல கமிஷனும் உண்டா?"

"எனக்கு என்ன சிஸ்டரே இருக்கு?"

"அப்போ எதுக்கு இந்த அக்கறை?"

அன்று முதல் கொஞ்ச நாள், நான் ஏறினால் அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு அந்த மழை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பலாம் என்று சிஸ்டர் கை நீட்டினார். திரை இருண்டு கிடந்தது. குத்தினார், தட்டினார், கர்த்தரைக் கூப்பிட்டார். நான் துண்டால் துடைக்கத் துடைக்க வெள்ளையாக மூடிக்கொண்டே வந்தது. எதிரே ஏதோ வெளிச்சம். சிஸ்டர் காரை ஓரம் ஒதுக்கினார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குக் கீழே மண் இல்லை. ரப்பர் தோட்டத்துப் பள்ளம் இருந்தது. பின் சீட்டில் ஜெயா கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து காரைத் தூக்கி வைத்தார்கள். சிஸ்டர் ஸ்டியரிங்கை விடவேயில்லை. வந்தவர்கள் யார், எந்த வீடு, காரில் ஏதாவது எடுத்தார்களா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்குப் பள்ளத்தைவிட அதுதான் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் ஜெயாவை இறக்கும்போது சொன்னார்: "மாத்துவோம் மக்கா. எனக்கு வேண்டியில்ல. இவளுக்காக ஆக்கும்."

அப்பாடா என்று நினைத்தேன். சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் பழைய சிஸ்டர் திரும்பி வந்துவிட்டார். சாட்சியாக என்னையும் கூட்டிப் போயிருந்தார். மீசை நரைத்த மெக்கானிக், புது கம்ப்யூட்டரின் பெருமைகளை அடுக்கினார். வேகம் அதிகம். பேசினால் கேட்டுச் செய்யும்.

"மலையாளம் மட்டுமில்ல சிஸ்டரே, அதுக்குத் தமிழும் நல்லா அறியும்!"

சிஸ்டர் என் சட்டையைப் பிடித்தார். "எலே, வா போவாம்."

எனக்கு ரப்பர் தோட்டம் கண்முன் வந்தது. "சிஸ்டரே, அதுக்குத் தெரிஞ்சது டிவியில செய்தி வாசிக்கிற தமிழு. நம்ம தமிழு எங்க தெரியப் போவுது? சோதிச்சுப் பாருங்க."

ஷோரூமில் அதே கம்ப்யூட்டர் வைத்த கார் ஒன்று நின்றது. சிஸ்டர் உள்ளே உட்கார்ந்து, நோயாளியிடம் பேசுவதுபோல் சத்தமாகக் கேட்டார்: "இஞ்ச ஒரே வெக்கையாக்கும், கொஞ்சம் காத்து வரட்டு, கேட்டியா?"

கார் பணிவாகச் சொன்னது: "காது வலிக்கு அருகிலுள்ள மருத்துவமனைகளைக் காட்டுகிறேன்."

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. இன்னொரு முறை முயன்றார். "எளவே, குளுப்பிச்சுத் தா."

"புளிப்பு மிட்டாய், வாங்க வேண்டியவற்றில் சேர்க்கப்பட்டது."

"நல்ல செவிடு," என்றார் திருப்தியாக. "இதை வை."

வேலை நடக்கும்போது வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். சிஸ்டர் கைப்பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த, ஆஸ்பத்திரியில் ஊசி வைக்கும் ஸ்டீல் தட்டை மெக்கானிக்கிடம் நீட்டினார். கழற்றிய ஆணிகள் அதில்தான் விழ வேண்டும். முடிந்ததும் பழைய கம்ப்யூட்டரைக் கேட்டார். அது கம்பெனிக்குப் போக வேண்டியது என்றார் மெக்கானிக்.

"ஆபரேஷன்ல எடுத்ததை வீட்டுக்காரங்களுக்குக் காட்டாம யாரு கொண்டு போவா? எங்க பேச்செல்லாம் அதுக்குள்ள கெடக்கு."

மேலதிகாரி ஒருவர் வந்தார். சிஸ்டர் பேசினார். மேலதிகாரி போய்விட்டார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்று சிஸ்டரின் கோழிக்கூட்டுக்குள் இருக்கிறது. கேட்க வேண்டுமானால் கோழிகள் பேசுவதைக் கேட்கட்டுமாம்.

கடைசியாக மெக்கானிக் புதுத் திரையைக் காட்டி, "கார் எங்காவது இடிச்சா உடனே ஒருத்தருக்குச் செய்தி போகும். நம்பிக்கையான ஆளோட நம்பர் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

சிஸ்டர் கைப்பையைத் திறந்து மூடினார். நம்பிக்கையான ஆள் என்றால் அவருக்கு யார்? கணவர் போய் வருஷங்களாகின்றன. பிள்ளைகள் கிடையாது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன எட்டிப் பாக்க? வெளியே போய் நில்லு."

வெளியே போய் வெயிலில் நின்றேன். சட்டைப்பையில் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். சிஸ்டரின் கார் எண்ணைச் சொல்லி, அந்தக் காருக்கு அவசரத் தொடர்பாக நான் சேர்க்கப்பட்டிருப்பதாக ஒரு செய்தி.

நிமிர்ந்தால் சிஸ்டர் எதிரே நிற்கிறார்.

"என்னலே, தெரியாத நம்பரா?"

"ஆமா சிஸ்டரே."

"திறக்காத. கள்ளனுவளாக்கும்," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

அந்தச் செய்தியை நான் இதுவரை அழிக்கவில்லை.