ஆடா விண்டருக்கு ஒரு நாற்காலி

ஏழாவது கடிதத்தைப் படித்ததும் வெலிமிருக்கு வியர்த்துவிட்டது. குளிர் நடுக்கும் நவம்பர் மாதத்து சோம்போர் நகரில் வியர்ப்பது அத்தனை சுலபமில்லை.

கடிதம் எழுத்தாளர் ஆடா விண்டருக்கு வந்தது. எழுதியவள் வெலிமிரின் பதினான்கு வயது மகள் நெவெனா. சங்கடம் என்னவென்றால், ஆடா விண்டர் என்ற புனைபெயரில் எழுதுபவர் வெலிமிரேதான். அதை அவர் தபால் நிலைய ஸ்டானாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆடாவின் கடிதங்களை அவர் கையில் தருபவள் அவள்தான்.

ஊருக்கு வெலிமிர் இலக்கிய ஆசிரியர், வாரப் பத்திரிகை விமர்சகர். பிள்ளைகள் வேறோர் உலகத்துக்குள் நுழையும் மாயக்கதவுக் கதைகளைக் கிழிகிழியென்று கிழிப்பார். "வீட்டில் தட்டுகூடக் கழுவாத பிள்ளை கதவைத் தாண்டியதும் அரசனாகிவிடுகிறான், ஆட்சி முடித்துத் திரும்பினால் அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை" என்று எழுதியவர் அவர். அதே வாரம் ஆடாவின் பெயரில் அப்படியொரு கதவை ரகசியமாகத் திறந்து, ஒரு பிள்ளையை உள்ளே அனுப்பியவரும் அவரேதான்.

மகள் அந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே கேலி செய்வார். "எங்கப்பா என்னை முட்டாள்னு நினைக்கிறார்" என்று அவள் ஆடாவுக்கு எழுதினாள். ஆடா மூன்று பக்கம் ஆறுதல் எழுதினார். ஒவ்வொரு முறை உறையை ஒட்டும்போதும் வெலிமிருக்கு வெட்கத்தில் காது சுடும்.

இப்போது, இந்த ஏழாவது கடிதத்தில், தங்கள் வீட்டு ஸ்லாவா டிசம்பர் பத்தொன்பது என்று எழுதியிருந்தாள். ஸ்லாவா என்ற அந்தக் குலப் புனிதரின் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தேதி தெரிந்தவர் வரலாம். வந்தவருக்கு இடம் உண்டு.

கால் முறிந்துவிட்டது என்று ஆடா எழுதினார். அப்படியானால் திருநாள் ரொட்டியோடு நானே வருகிறேன் என்றாள் நெவெனா. வெளிநாடு கிளம்புவதாக எழுதினார். முறிந்த காலோடா? ரயிலடிக்கு வந்து பெட்டியைத் தூக்குகிறேன் என்றாள். பயணம் ரத்து, பொன்னுக்கு வீங்கி என்றார். எனக்கு அது வந்து போய்விட்டது, பயமில்லை என்றாள். வேறு நோய் எதுவும் தோன்றாமல், "வருகிறேன்" என்று எழுதித் தொலைத்தார்.

திருநாளன்று வீடு நிறைய விருந்தாளிகள். வீட்டுக்காரர் அன்று உட்காரக்கூடாது, நின்றபடியே உபசரிக்க வேண்டும். வெலிமிர் காலையிலிருந்து ராக்கியா என்ற பழச்சாராயக் குடுவையோடு சுற்றிச் சுற்றி வந்தார். தன் பக்கத்து நாற்காலியில் நெவெனா யாரையும் உட்கார விடவில்லை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் அப்பாவைப் பார்த்தாள்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அந்த மாயக்கதவுக் கதைங்கள்ல நல்லதே கிடையாதாப்பா?"

வெலிமிர் குடுவையைக் கீழே வைத்தார். "இருக்கு. இந்தப் பக்கம் வாயில வராததை அந்தப் பக்கம் போய்ச் சொல்லிடலாம்."

"கெட்டது?"

"அங்கே மகாராஜா. இங்கே திரும்பினா அதே பழைய ஆள்தான்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். நெவெனா சிரிக்கவில்லை. வெலிமிருக்கு அங்கே நிற்கவே கூசியது. விருந்துக்கு வந்து கிளம்பிக்கொண்டிருந்த ஸ்டானாவை வழியனுப்பும் சாக்கில் வாசலுக்கு ஓடினார்.

"ஆடா செத்துப்போயிட்டாங்கன்னு நாளைக்கு ஒரு கடிதம் போட்டுடறேன், ஸ்டானா. பாவம் நெவெனா, எவ்வளவு நேரம்தான் காத்திருப்பா?"

ஸ்டானா பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாகடிச்சுடாதீங்க வாத்தியாரே. உங்க டைப்ரைட்டர்ல ஒரு எழுத்து மேலே ஏறி நிக்குமாமே, ஆடாவோட முதல் பதில்லயே உங்க பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. 'அப்பா இந்தக் கடிதங்கள்ல மட்டும்தான் என்கூட நல்லாப் பேசுறார், சொல்லிடாதீங்க'ன்னு என்கிட்ட கெஞ்சினா. அந்த நாற்காலி உங்களுக்குத்தான் போட்டிருக்கா, போய் உட்காருங்க."