எரிந்துபோன பள்ளிக்கூடத்தில் இடப்பக்கம் திரும்புங்கள்

வழிசொல்லிகள் என்றொரு இனம் உண்டு. எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். ஜனத்தொகை முன்னூற்றுப் பன்னிரண்டு என்று எல்லைப் பலகை சொல்லும் எங்கள் பிளம்வேலில், இந்த நெப்ராஸ்கா சோளக்காட்டு ஊரில், ஆண்களில் பாதிப்பேர் அந்த இனம்தான். ஆனாலும் தலைமைப் பீடம் வெர்லின் டோஸ்டலுக்கு. எழுபத்தொரு வயது, தானியக் கிடங்கில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். காலை ஆறு மணிக்கு டோரிஸின் காபிக் கடையில் டெலிபோனுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாரானால், மணி அடித்து முடிவதற்குள் ரிசீவர் அவர் காதில் இருக்கும். கடை அவருடையதா? இல்லை. போன் அவருக்கு வந்ததா? அதுவும் இல்லை.

எங்கள் மாவட்டத்தின் பூகோளம் ரொம்பச் சுலபம். யாரோ ஒரு மகராசன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான்; மைலுக்கு ஒரு மண் ரோடு தெற்கு வடக்காக, மைலுக்கு ஒன்று கிழக்கு மேற்காக, நடுவிலெல்லாம் சோளம், ஆளுயரத்துக்கு மேல் சோளம், எந்த முக்கில் நின்று பார்த்தாலும் அதே சோளம். ரோட்டுக்கெல்லாம் பெயர்ப் பலகை வைக்கலாமா என்று மாவட்ட ஆபீஸ் ஒருதரம் கேட்டது. "எதுக்கு? எல்லாருக்கும்தான் தெரியுமே" என்று அதை எதிர்த்து ஊரையே ஓட்டுப் போடவைத்தவர் வெர்லின்.

ஜனத்தொகையிலும் அவர் கணக்கு தனி. டோரிஸ் இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறாள். அவள் 'புதுசா வந்த பொண்ணு'. ஒமாஹாவுக்குப் போய் நாற்பது வருஷமான நொவோட்னி, 'இப்போதைக்கு வெளியில இருக்கான்'. சரி, செத்தவர்களையாவது கழிப்பாரா? 'ஹாவெல்கா வீட்டுக்கு எதுத்தாப்ல' என்பார். ஹாவெல்கா போய்ச் சேர்ந்து முப்பது வருஷம், வீட்டை இடித்து இருபது வருஷம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். கேளுங்கள். எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது. வெர்லினின் மனைவி ஆர்லீஸுக்கு இதயம் சரியில்லை. ஒரு ஜனவரியில் அவளுக்கு மூச்சு முட்டியபோது, கொட்டுகிற பனியில் ஆஸ்பத்திரிக்கு அறுபது மைல் காரை ஓட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது, மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதார். அதற்கப்புறம் விடவில்லை. மருத்துவக் கல்லூரி ஒன்று பாக்கியில்லாமல் கடிதம் போட்டார். கடைசியில் ஹோலிஸ்டர் என்ற இளம் டாக்டரம்மா, வியாழக்கிழமை வந்து ஊரைப் பார்க்கிறேன், பிடித்தால் தங்குகிறேன் என்று பதில் எழுதினாள். ஊரே அமர்க்களப்பட்டது. தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு அது நிற்கும் கூடத்தில் மேஜை போட்டார்கள். பழம் வைத்த கொலாச்சி பன் மட்டுமே பன்னிரண்டு தட்டு.

பதினொரு மணிக்குக் காபிக் கடையில் போன் அடித்தது. கைபேசி வராத காலம் அது. டாக்டரம்மா நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிடுகிறாள். எடுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"வாங்க டாக்டரம்மா, வாங்க! ரொம்பச் சுலபம். நேரா வடக்க வாங்க. பள்ளிக்கூடம் எரிஞ்சுபோச்சுல்ல, அந்த முக்குல இடப்பக்கம்."

"எரிஞ்ச கட்டடம் ரோட்டுலேருந்து தெரியுமா சார்?"

"அதெப்படித் தெரியும்? அம்பத்தெட்டுலயே இடிச்சு உழுதுட்டாங்களே. அப்புறம் ஒரு பெரிய மரம்..."

"மரம். சரி."

"இடி விழுந்து போச்சு, பாவம். அதத் தாண்டி ஹாவெல்கா வீட்டுல வலப்பக்கம்."

"வாசல்ல பேர் போட்டிருக்குமா?"

"வீடே இல்லயேம்மா."

"சார், கோச்சுக்காதீங்க. இப்ப இருக்கிறது ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

வெர்லின் திகைத்துப்போனார். "இப்ப இருக்கிறதா? இப்ப என்னம்மா இருக்கு, வெறும் சோளம்தான்!"

"யோவ், போனை இங்க குடுய்யா!" என்று டோரிஸ் பாய்ந்தாள்.

"நீ சும்மா இரு. புதுசா வந்தவ, உனக்கென்ன தெரியும்?" என்று ரிசீவரை வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குக் கொலாச்சித் தட்டுகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். டாக்டரம்மா மூன்று மணி நேரம் சோளத்துக்குள் சுற்றி, இருபத்தெட்டு மைல் தள்ளி கார்வர் என்ற ஊருக்குப் பக்கத்தில் போய் வெளியே வந்தாளாம். அங்கே ஒருவன், "தண்ணி டேங்க் தெரியுதா? அதப் பாத்துக்கிட்டே போங்க" என்றானாம். போனாள். சாப்பாடு போட்டார்கள், காலி வீடு ஒன்றைக் காட்டினார்கள், அங்கேயே போர்டு மாட்டிவிட்டாள். "வழி கண்டுபிடிக்கத் தெரியாத டாக்டர் நமக்கெதுக்கு?" என்று வெர்லின் கடையில் சவடால் பேசினார். வீட்டில் ஒரு வாரம் ஆர்லீஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

வேறு வழி? கார்வருக்குத்தான் போனார்கள். டாக்டரம்மா ஆர்லீஸின் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க ஊருக்குத்தான் முதல்ல வர்றதா இருந்துச்சு. யாரோ ஒரு பெரியவர் போன்ல..."

"அந்தப் பெரியவரோடதான் நாப்பத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறேன் டாக்டர்" என்றாள் ஆர்லீஸ். "ஹார்ட்டு வேற எப்படி இருக்கும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க நிலைமையில நீங்க இங்க வரக் காத்திருக்க முடியாதும்மா. அவசரம்னா ஒரு போன் போடுங்க, நானே ஓடி வர்றேன். வீட்டுக்கு வழி மட்டும் சொல்லிடுங்க."

வெர்லின் வாயைத் திறந்தார். இந்தத் தடவை உயிர் விஷயம் என்று அவருக்குத் தெரியும். நெற்றி வேர்த்தது, மனிதர் நிஜமாகவே பாடுபட்டார். "அதுங்க டாக்டரம்மா... வடக்க வந்தீங்கன்னா... அங்க முன்னாடி ஒரு..."

ஆர்லீஸ் அவர் வாயைக் கையால் பொத்திவிட்டு, மறு கையால் பென்சில் கேட்டாள்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இன்று காலை உங்கள் வீட்டுக்கு வழி கேட்டவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? 'பழைய டாக்கீஸ் இருந்துச்சே, அத இடிச்சு மண்டபம் கட்டினாங்க, அதுக்கு முன்னாடி ஒரு சந்து' என்றுதானே ஆரம்பித்தீர்கள்? மனிதர் இன்னும் வரவில்லையே, நேரம் தெரியாத ஆள் என்று இப்போது அவரைத் திட்டுகிறீர்கள். அவர் அடுத்த தெருவில் வேறு யார் வீட்டிலோ உட்கார்ந்து இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்பார்.