மிஞ்சிய ஒரே செயலி

“அண்ணே, உங்க போன்ல திசைகாட்டி எதுக்கு?” என்று கேட்டான் ரபேல்.

பரமேஸ்வரன் யோசித்தார். இருபத்திரண்டு வருடமாகக் கிள்ளானில் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்கு நடந்து வருகிறவர் அவர். வடக்கு எந்தப் பக்கம் என்று தேட வேண்டிய அவசியம் இன்றுவரை வந்ததில்லை.

“இருக்கட்டும்னு போட்டேன்.”

“டார்ச் லைட் ரெண்டு இருக்கு.”

“ஒண்ணு எரியலன்னா?”

“இது என்னா, பேய் இருக்கான்னு கண்டுபிடிக்கிற ஆப்பா?”

“அது புது வீட்டுக்குக் குடிபோனப்ப போட்டது. பேய் இல்லன்னு சொல்லிருச்சு.”

“அப்புறம் ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?”

“பின்னால வந்துட்டா?”

ரபேல் போனை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு வாய் தே தாரிக் டீ குடித்தான். அலுவலகத்தில் யாருக்குப் போன் கோளாறானாலும் அவனிடம்தான் போவார்கள். மொத்தம் தொண்ணூற்று நாலு செயலிகள் எண்ணியிருந்தான். பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிப் பேட்டரியைத் தின்னும் செயலி ஒன்று. குப்பையைச் சுத்தம் செய்கிறேன் என்று வந்து, இன்னொரு சுத்தம் செய்யும் செயலியைச் சிபாரிசு செய்த செயலி ஒன்று. வயதானால் முகம் எப்படி இருக்கும் என்று காட்டும் செயலியும் இருந்தது. அதில் பரமேஸ்வரன் தன் படத்தைப் போட்டபோது, அதே படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

“தேவையில்லாததெல்லாம் டிலீட் பண்ணுங்கண்ணே. இப்ப எதுக்கு அவசரமா இடம் கேக்கறீங்க?”

விஷயம் இதுதான். போன வாரம் கிள்ளான் கிளினிக்கில் டாக்டர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைக்காவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை என்று சொல்லிவிட்டார். பரமேஸ்வரனுக்கு மாத்திரை என்றாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் நடைப்பயிற்சிக்கு ஒரு செயலி போட நினைத்தார். போனோ இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

“நடக்கறதுக்கு ஆப் எதுக்குண்ணே? கால் போதும் லா.”

ஆனால் பரமேஸ்வரன் முடிவு செய்துவிட்டார்.

அன்று மாலை ரயிலில் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தார். முதல் செயலியை அழிக்கும்முன் இரண்டு முறை யோசித்தார். ஐந்தாவதில் ருசி கண்டுவிட்டது. சுபாங் ஜெயா வருவதற்குள் திசைகாட்டி, டார்ச், பேய் எல்லாம் போயின. ஷா ஆலமில் எது என்ன என்று பார்ப்பதையே நிறுத்திவிட்டார். பச்சையாக ஒன்று, நீலமாக ஒன்று, வீடு போட்ட படம் ஒன்று. எல்லாவற்றையும் வழித்துப் போட்டார். கிள்ளானில் இறங்கும்போது போன் மொட்டையடித்த தலைபோலப் பளபளத்தது.

பிளாட்பாரத்தில் நின்றபடியே நடைச் செயலி ஒன்றைத் தேடினார். கண்ணாடி பைக்குள் இருந்தது. எடுக்கச் சோம்பல். பூ மாதிரி சின்னம் போட்ட ஒன்று முதலில் நின்றது. ‘ஹேப்பி வாக்கீஸ்’ என்று பெயர். நடை என்றும் இருக்கிறது, மகிழ்ச்சி என்றும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? போட்டுவிட்டார்.

அடுக்குமாடி வாசலுக்கு வந்ததும் காவலாளி கையை நீட்டினார். “ஆப், பாஸ்.”

அப்போதுதான் புரிந்தது. வீடு போட்ட படம் இந்த வாசலைத் திறக்கும் செயலி. மறுபடியும் போட்டுப் பார்த்தார். ஹேப்பி வாக்கீஸ் மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டு, வேறு எதற்கும் இடமில்லை என்றது.

“நான் இங்க குடியிருக்கறவன்யா! ஒன்பதாவது மாடி!”

“தெரியும் பாஸ். ஆப் இல்லன்னா விசிட்டர்தான். ரூல்ஸ்.”

பார்வையாளர் புத்தகத்தில் பரமேஸ்வரன் பெயர், அடையாளக் கார்டு எண் எல்லாம் எழுதினார். ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் சற்றுத் தயங்கி, ‘மனைவியைப் பார்க்க’ என்று எழுதினார்.

மனைவி லோகேஸ்வரி கதவைத் திறந்ததும் கேட்டாள். “தயிர் எங்க?”

“எந்தத் தயிர்?”

“வாட்ஸ்அப்ல பத்து மெசேஜ் போட்டேனே!”

அந்தப் பச்சை எது என்று அப்போது புரிந்தது.

சாப்பிட்டு முடித்து, தயிர் இல்லாத வருத்தத்தோடு செயலியில் விவரங்களைப் பதிந்தார். எல்லாம் இங்கிலீஷ். பெயருக்கு நீளமாக இடமில்லை என்பதால் ‘பரம்’ என்று போட்டார். ஆண். எடை எண்பத்தெட்டு கிலோ. நடுவில் ஒரு கேள்விக்கு அர்த்தம் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ‘யெஸ்’ தட்டினார். வயது ஐம்பத்து மூன்று என்று போட்டதுதான் தாமதம், திரை முழுக்கப் பலூன் பறந்தது.

‘ஐம்பத்து மூன்றா! நம்பவே முடியவில்லை! பரம் ஓர் அதிசயம்!’

பரமேஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பார்த்தியா லோகேஸ், என் வயச நம்ப முடியலயாம்.”

“என்னாலயும் முடியலதான். இன்னும் தயிர் வாங்கத் தெரியலயே.”

மறுநாளிலிருந்து செயலியின் ஆட்சி ஆரம்பமானது. காலையில் நடை. மத்தியானம் சாப்பிட்டதும் நடை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு நடை. தார் ரோட்டில் வெயில் நேரத்தில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று எச்சரித்தது. இவ்வளவு அக்கறையாக யாரும் தன்னிடம் பேசியதில்லையே என்று பரமேஸ்வரன் உருகிப்போனார். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒரு பெண்குரல் தேனாகக் குழைந்தது. “குட் பாய், பரம்!”

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் புகை கிளம்பியது.

“வெங்காயம் வேணாமா?” என்றாள் லோகேஸ்வரி.

“பூண்டும் வேணாம். திராட்சை ஆகாது. சாக்லேட் விஷமாம்.”

“அப்ப என்னா சமைக்கறது?”

“வேகவச்ச கோழி, சோறு, கொஞ்சம் பூசணிக்கா. உப்பு, காரம் எதுவும் போடாத.”

“மனுஷன் சாப்பிடறதா இது?”

“ஆப் சொல்லுது லோகேஸ்.”

அவள் சமைத்துப் போட்டாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். எடை என்னவோ குறைய ஆரம்பித்தது. மூன்றாவது வாரத்தில் நாலு கிலோ போயிருந்தது. பழைய பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டார். ரபேலே ஆச்சரியப்பட்டான். வாசலில் தினமும் பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது மட்டும்தான் குறை. ‘வந்த காரணம்’ எழுதி எழுதி அலுத்துப்போய், ‘வழக்கம்போல’ என்று எழுதத் தொடங்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் இருந்த போன் ஒளிர்ந்தது. லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

பரமேஸ்வரன் துண்டோடு வெளியே வந்தபோது, அவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற விதமே சரியில்லை.

“யாரு இவ?”

“எவ?”

“‘ஹூ இஸ் மை குட் பாய்’னு கேக்கறவ. ‘ஐ மிஸ் யூ, வெளிய போகலாமா’ன்னு கேக்கறவ.”

“ஐயோ, அது ஆப் லோகேஸ். நடக்கக் கூப்பிடுது.”

“பக்கத்துல ரெண்டு ஹார்ட் இருக்கு.”

“நடந்தா இருதயத்துக்கு நல்லதுன்னு அர்த்தம்.”

லோகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். “கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். ஒரு நாளாச்சும் நான் உங்கள குட் பாய்னு சொல்லியிருக்கேனா?”

“இல்ல.”

“ஏன்னா நீங்க அப்படி நடந்துக்கல. இவகிட்ட மட்டும் எப்படி நடந்துக்கறீங்க?”

பரமேஸ்வரன் நழுவிய துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவளோ யோசிக்க யோசிக்கக் கணக்கு கூடிக்கொண்டே போனது. மூன்று வேளை வெளியே போகிறார். உடம்பு இளைக்கிறார். வாயில் வாசம் வரக்கூடாதென்று வெங்காயம் பூண்டை விட்டுவிட்டார். தன் மெசேஜ் வரும் வாட்ஸ்அப்பைத் தேடிப் பிடித்து அழித்திருக்கிறார்.

“அத டிலீட் பண்ணுங்க.”

“எல்லாத்தையும் டிலீட் பண்ணி இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. டாக்டர் சொன்ன பத்து கிலோவுல இன்னும் பாதி பாக்கி லோகேஸ். மாத்திரை என் தொண்டையில இறங்காது, உனக்குத் தெரியும்ல!”

அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் இளகினாள். “அப்ப அவ பேசக்கூடாது.”

பரமேஸ்வரன் அமைப்புகளுக்குள் புகுந்து தேடினார். குரல் வேண்டாமென்றால் விசில் என்று இருந்தது. பந்தாட்ட நடுவர் ஊதுவதுபோல இருக்கும், கம்பீரம்தான் என்று நினைத்து அதைத் தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை, முழுச் சமாதானத்துக்காக அவளைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு அழைத்துப் போனார். கூட்டம் நெரிந்தது. லோகேஸ்வரி ஒரு மயில்கழுத்துப் பட்டைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் சிவப்புப் பட்டை மேலே வைத்துப் பார்த்தபடி திரும்பினாள். பரமேஸ்வரன் இருவருக்கும் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரம சாதுவாக நின்றிருந்தார்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து விசில் வந்தது. ஊதல் வைத்து ஊதும் விசில் இல்லை. வாயால் அடிக்கும் விசில். நீட்டி, கடைசியில் ஒரு வளைவு வளைத்து இறங்கியது.

கடையில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின.

“அங்கிள்!” என்றாள் சிவப்புப் பட்டுக்காரி. “உங்க வயசுக்கு இது தேவையா?”

“நான் இல்லம்மா, போன்!”

போன் மறுபடியும் விசிலடித்தது. இந்த முறை லோகேஸ்வரியே திரும்பி, அந்தப் பெண்ணைப் பார்த்து, அவரைப் பார்த்து, புடவையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பரமேஸ்வரன் பதறிப்போய்ப் போனை எடுத்து விசிலை நிறுத்தப் பார்த்தார். கை வியர்த்திருந்தது. தவறான இடத்தில் விரல் பட்டது. பெண்குரல் திரும்பி வந்துவிட்டது, கடைசிவரை ஏற்றிய சத்தத்தோடு.

“கம் டு மம்மி, பரம்!”

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வெளியே நடைபாதையில் லோகேஸ்வரி நிதானமாகப் பேசினாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “நான் பந்திங்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க நடந்துகிட்டே இருங்க.”

“லோகேஸ், சத்தியமா வேற யாரும் இல்ல! எப்படி நிரூபிக்கறதுன்னு சொல்லு, செய்யறேன்.”

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு செய்தி வந்தது. ‘பரமுக்கு இலவச உடல் பரிசோதனை. செயலியின் டாக்டர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஸ்ரீ கெம்பாங்கான், அடுத்த சனி, காலை ஒன்பது மணி.’ பரமேஸ்வரன் அதைக் கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“பாரு, டாக்டர் இருக்காரு! இந்த ஆப்போட டாக்டரு! நீயே வந்து கேளு. வெங்காயம், நடை, விசில் எல்லாம் மருத்துவம்னு அவரு வாயால சொல்லட்டும்.”

அவள் மூன்று முறை படித்தாள். “டாக்டர் சொன்னா நம்பறேன். சொல்லலன்னா நேரா பந்திங்.”

அந்த ஒரு வாரம் பரமேஸ்வரன் ஒரு நடையைக்கூட விடவில்லை. சனிக்கிழமை காலை சுத்தமாகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார். லோகேஸ்வரி ஒரு சின்னப் பையில் மாற்றுத்துணி எடுத்து வைத்ததை அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

கிளினிக் ஒரு கடை வரிசையின் மூலையில் இருந்தது. முன்னால் நின்ற லோரி பெயர்ப்பலகையில் பாதியை மறைத்தது. ‘கிளினிக்’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. அது போதுமே. உள்ளே சில்லென்று, பளிச்சென்று இருந்தது. ஒரு சீன ஆன்டி மட்டும், துண்டு போட்டு மூடிய கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டாக்டருக்குப் பழம் கொண்டு வந்திருக்காங்க போல” என்று லோகேஸ்வரி கிசுகிசுத்தாள். “நாம வெறுங்கையோட வந்துட்டோம்.”

“இலவசம்னுதானே போட்டிருக்கான்.”

மூலையில் தரையோடு தரையாக ஒரு எடை மேடை. ஆள் படுத்துக்கொள்ளலாம் போல அவ்வளவு அகலம். பரமேஸ்வரனுக்குக் கை துறுதுறுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். எண்பத்தொன்று என்று விழுந்தது.

“ஏழு கிலோ லோகேஸ்! பார்த்தியா!”

லோகேஸ்வரி எழுந்து வந்து எண்ணைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு மலர்ச்சி. “நெஜமாவே குறைஞ்சிருக்கே. நான்தான் அவசரப்பட்டுத் தப்பா நெனச்சுட்டேன் போல” என்றாள், அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடி.

பரமேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்துவிடும் போலிருந்தது.

உள்கதவு திறந்தது. அட்டையும் பேனாவுமாக ஓர் இளம் நர்ஸ் வந்தாள். “பரம்? பரம் உள்ள வரலாம்.”

“வந்துட்டேன்மா!” என்று மேடைமேல் நின்றபடியே கையைத் தூக்கினார் பரமேஸ்வரன்.

நர்ஸ் அவரைப் பார்த்தாள். லோகேஸ்வரியைப் பார்த்தாள். குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தாள். பிறகு பதறிப்போய்க் கேட்டாள்.

“அங்கிள், பரம் எங்க? கார்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா? இந்த வெயில்ல நாய் செத்துடும் லா!”