குதிரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி

அன்பு நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவனும் எலும்பு மியூசியத்தில் எலும்பு கோர்ப்பவனுமாகிய நான் நலம் பல கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் அப்பா எங்கள் இருவரையும்விட நன்றாக இருக்கிறார். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான்.

'அவர்களுக்கு' என்று ஆரம்பித்துவிட்டு அடுத்த வரியிலேயே 'உன்' என்று இறங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மரியாதை கொடுத்து எழுதினால் எனக்கு விஷயம் வெளியே வராது. நேராகவே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இந்த வாரக் கடைசிக்குள் வந்து உன் அப்பாவை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. ஒரேயடியாக இல்லை, யானை முடிகிற வரைக்கும். என்ன யானை என்று கேட்பாய். அதற்கு முன்னால் குதிரையைச் சொல்ல வேண்டும்.

சின்னவன் போன வருடம் கண்ணை மூடியது உனக்குத் தெரியும். நீகூட போன் செய்து அழுதாய். மாவு மில்லிலிருந்து கடை கடையாக மூட்டை இழுத்த குதிரைக்கு உன் அப்பா 'சின்னவன்' என்று பெயர் வைத்ததே நீ பிறந்த பிறகு வந்தது என்பதற்காகத்தான். அதைக் கூப்பிடும்போது குரலில் இருந்த குழைவு உன்னைக் கூப்பிடும்போது இருந்து நான் கேட்டதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் விஷயம் அதைவிட மோசம். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வேலையை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், "கவர்மெண்ட் சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவிட்டு இருமுவார். தெரிந்தவர்களிடம் மட்டும், "நாய்க்குப் போட வேண்டியத நம்பர் போட்டு வைக்கிறாரு" என்பார். அப்படிப்பட்டவர், குதிரை போன அன்றைக்கு லாயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "மாப்பிள்ளை, அவன மண்ணுல போட மனசு வரல. உங்க இடத்துல நிக்க வைப்பீங்களா?" எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

எங்கள் வேலை எப்படி என்று உனக்குத் தெரியாது. சதையெல்லாம் நீக்கிய பிறகு எலும்புகளை வலைப்பைகளில் போட்டு, சூடு ஏற்றிய தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவோம். ஒரு காலுக்கு ஒரு பை, முதுகெலும்புக்கு ஒரு பை, வாலுக்கு ஒரு பை என்று தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் தகரச் சீட்டு கட்டி. அப்புறம் கொழுப்பு போக சோப்புத் தண்ணீர், அப்புறம் வெளுப்பு மருந்து, அப்புறம் நிழலில் உலர்த்தல். அந்த அறையின் வாசனை எங்களுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும், அது ஒரு வசதி. உன் அப்பாவோ குடையை ஊன்றிக்கொண்டு தினமும் தொட்டி அறைக்கு வந்துவிடுவார். மூக்கைக்கூடப் பொத்தமாட்டார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை இவ்வளவு சூடு? அவனுக்கு வெந்நி ஆகாதே" என்பார். "மாமா, அது இப்ப எலும்பு மாமா" என்றால், "எலும்புக்கு மட்டும் ஆகுமா?" என்பார். ஒரு நாள் நான் சாப்பிடப் போன சமயம் பார்த்துச் சூட்டுத் திருகைக் குறைத்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. வேலை ஏகத்துக்குத் தள்ளிப்போய், கால்நடைக் கல்லூரிக்காகப் பக்கத்துத் தொட்டியில் ஊறிய இன்னொரு குதிரையும் சின்னவனும் ஒரே நாளில் வெளியே வரும்படி ஆனது. இரண்டையும் ஒரே சமயத்தில் உலர்த்தி, துளை போட்டு, கம்பி கோர்த்து முடித்தேன். ஒரு எலும்பு பிசகாமல் கோர்ப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதை நானே சொல்லக் கூடாது.

நிற்கும் தோரணையில் அடுத்த தகராறு. எங்கள் டைரக்டர் அம்மாவுக்குக் குதிரை பாய்ந்து ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். முன்கால்கள் இரண்டும் காற்றில். படமெல்லாம் வரைந்து கொடுத்துவிட்டார்கள். உன் அப்பா அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நம்ம சின்னவன்தான் மாமா."

"அவன் என்னைக்கு ஓடினான்? அடிச்சாக்கூட ஓட மாட்டான். போலீஸ்காரன் விசிலடிச்சப்பவே ஓடல. நிக்க வைங்க. கடை வாசல்ல சாமான் இறக்கற வரைக்கும் நிப்பான் பாருங்க, அப்படி. தலை கொஞ்சம் வலப்பக்கம். அந்தப் பக்கம்தான் பேக்கரி."

டைரக்டர் அம்மாவிடம் இதை அறிவியல் மொழியில் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுமை இழுக்கும் விலங்கின் இயல்பான ஓய்வு நிலை என்று ஏதோ சொன்னேன். கடைசியில் சின்னவன் நின்றான். தலை வலப்பக்கம், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தபடி. திறப்பு நாளன்று உன் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். அன்றைக்காவது 'நல்லா செஞ்சிருக்கீங்க' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு மியூசியத்துக்கு வந்தார். வந்தவர் சின்னவனின் இடது முன்னங்காலை ஒட்டி அதைப் போட்டு உட்கார்ந்தார். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை என்றால், சாயங்காலம் பூட்டும்போது எழுந்து வருகிறார், காலையில் திறக்கும்போது மறுபடியும் போகிறார். வாசல் காவலர் முதலில் சல்யூட் அடித்தார், இப்போது என்னைக் கண்டாலே பெருமூச்சு விடுகிறார். சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. துண்டை எடுத்துக் குதிரையின் முழங்காலில் காயப்போடுகிறார். குடையை அங்கேயே மாட்டுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால், "அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, அங்கதான் வால் இருக்கு" என்று விரட்டுகிறார். படம் எடுக்க வந்த ஒரு பத்திரிகைக்காரரிடம், "இந்தப் பக்கம் எடுக்காதீங்க தம்பி, வலப்பக்கம்தான் அவனுக்கு முகவெட்டு" என்று தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். எலும்புக்கு என்ன முகவெட்டு மச்சான்? திமிங்கலத்தைப் பற்றி யாராவது கேட்டால், "பெரிய மீன், வேற ஒண்ணுமில்ல" என்கிறார். அது மீன் இல்லை என்று அதன் கீழேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம்கூட டைரக்டர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். போன வாரம் ஒரு பேராசிரியர் வந்தார். குதிரைகளின் கால் எலும்பை அளந்து கட்டுரை எழுதுகிறவர். இடுக்கி போல ஒரு அளவுகோல் வைத்திருந்தார். வலப்பக்கம் இரண்டு காலையும் அளந்தார், இடது பின்னங்காலையும் அளந்தார். இடது முன்னங்காலுக்கு வந்தால் அங்கே உன் அப்பா.

"ஐயா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?"

"மூணு கால் பாத்தீங்கல்ல, நாலாவதும் அதே மாதிரிதான் இருக்கும்."

"இருந்தாலும் அளக்கணும்ங்க."

"கால்ல கை வெச்சா அவனுக்குக் கூசும்."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே குனிந்திருக்கிறார். உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். சாயும்போது ஞாபகமாக அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கிறார். கூட்டம் கூடி, தண்ணீர் தெளித்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, பேராசிரியர் பயந்துபோய் பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்த பிறகு கண்ணைத் திறந்து, "ஒரு டீ கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ்காரருக்கு நான்தான் பதில் சொன்னேன்.

டைரக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இப்போதுதான் யானை வருகிறது. அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு யானை வருகிறது மச்சான், முழு யானை, சர்க்கஸில் இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனது. இந்த வேலையில் ஒருவன் அணில் கோர்க்கலாம், ஆடு கோர்க்கலாம், குதிரை கோர்க்கலாம். ஆனால் ஆயுளில் ஒரு யானை கோர்த்தவனைத்தான் எங்கள் தொழிலில் எழுந்து நின்று வரவேற்பார்கள். நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். "வர்ற வாரத்துக்குள்ள உங்க மாமனார் அந்த எடத்துல இருக்கக் கூடாது. இருந்தார்னா யானைய வெளியாள் கிட்ட கொடுத்துடுவேன், நீங்க குடோனுக்குப் போயி பழைய பெட்டிக்கு நம்பர் ஒட்டுங்க" என்றார்கள். என் வேலையைப் பற்றி உன் அப்பா சொன்னது அப்படியே பலித்துவிடும் போலிருக்கிறது.

அவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "மாமா, யானை போயிடும் மாமா" என்று கெஞ்சினேன். "அதெல்லாம் போகாது, அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்" என்றார். இதற்கு என்ன அர்த்தம்? யானைக்கும் இவர் முக்காலிக்கும் என்ன சம்பந்தம்? உன் அக்காவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவள், "இருந்துட்டுப் போகட்டுமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். இந்த வீட்டில் என் பக்கம் பேச ஆள் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாக வருத்தம் வருகிறது. இத்தனை வருடம் கழித்து நான் செய்த ஒரு வேலையை இவர் தினமும் உட்கார்ந்து பார்க்கிறார் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இப்போதுதான் தெரிகிறது, அவர் பார்ப்பதே இல்லை, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே உடனே கிளம்பி வா. உன் வீட்டுப் பக்கம் பூங்கா இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முக்காலியையும் வேண்டுமானால் கொடுத்தனுப்புகிறேன். உனக்கும் உன் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி இல்லாத நாட்களும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும். உங்கள் எலும்பெல்லாம் உறுதியாக இருக்கட்டும் என்று வாழ்த்துவது எங்கள் இடத்து வழக்கம்.

உன் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா, தானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று கடிதத்தை வாங்கினாள். முழுக்கப் படித்தாள். எழுதவில்லை. "அப்பாவ அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள். அழுதுவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள்.

எங்கள் கல்யாணத்துக்கு முன், நீ காலேஜில் இருந்தபோது சின்னவன் சாக்கடைப் பள்ளத்தில் இடறி விழுந்ததாம், இடது முன்னங்கால் எலும்பு விரிசல் விட்டதாம். இனி தேறாது என்று எல்லோரும் சொல்லியும் உன் அப்பா லாயத்திலேயே படுத்துக் கிடந்து தேற்றினாராம். எலும்பு கூடிய இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு இருக்குமாம். உனக்கெல்லாம் தெரியுமாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அது காலை இழுத்து நடந்ததை நானும் பார்த்திருக்கிறேன், வயதானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். மியூசியத்தில் நிற்கும் குதிரையின் அந்தக் காலில் முடிச்சு இல்லை. வழவழவென்று இருக்கிறது. கால்நடைக் கல்லூரிக்குப் போன் செய்தேன். அவர்களுடைய குதிரையின் இடது முன்னங்காலில் பெரிய முடிச்சு இருக்கிறதாம், மாணவர்களுக்குப் பாடம் நடத்த அருமையாக இருக்கிறதாம், எனக்கு நன்றி சொன்னார்கள்.

திறப்பு நாளன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா அக்காவிடம் சொன்னது இதுதானாம்: "மாப்பிள்ளை கால மாத்திட்டாரு. வெளிய தெரிஞ்சா யானைய இவருக்குக் கொடுக்க மாட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாத, நான் பாத்துக்கறேன்."

இப்போதுதான் அவரிடம் பேசிவிட்டு வருகிறேன். தப்பு என்னுடையது, நாளைக் காலையில் டைரக்டர் அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், யானை போனால் போகட்டும், கல்லூரியிலிருந்து சின்னவன் காலைத் திருப்பி வாங்கி நானே என் கையால் மாட்டிவிடுகிறேன் என்றேன். அவர் குடைக்கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"சொல்லணும்னா சொல்லுங்க. ஆனா கால மாத்தித்தான் ஆகணுமா மாப்பிள்ளை? இருந்த வரைக்கும் அந்தக் கால இழுத்துக்கிட்டே நின்னான். இப்பத்தான் நாலு காலையும் நல்லா ஊனி நிக்கறான்."

டைரக்டர் அம்மாவிடம் என்ன சொல்வது என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை. நீ வர வேண்டாம். அப்பா இங்கேயே இருக்கட்டும்.